முன்டயரின் இடது பக்கம்

பைலட் அக்கா முதலில் சந்தேகப்பட்டது பெட்டிகளைத்தான்.

வண்டியின் இரு பக்கமும் தொங்கும் அலுமினியப் பெட்டிகள். எது கனம் என்று பார்க்க, பயணம் போகிறவர்கள் மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை வாங்கி வந்து ஷெட்டின் இரும்பு உத்தரத்தில் மாட்டினாள். வலது பெட்டியில் மழைக்கோட்டு, பஞ்சர் சாமான், முதலுதவிப் பை. இடது பெட்டியில் அவளுடைய துணிமணி. இரண்டையும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டாள். முள் ஒரே இடத்தில் நின்றது. தராசின் மேலேயே சந்தேகம் வந்து, கடையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் வாங்கி அதையும் தொங்கவிட்டுப் பார்த்தாள். தராசு யோக்கியமாகத்தான் இருந்தது.

"அப்ப யாரு?" என்றாள் தனக்குத்தானே.

எது கெட்டுப்போனாலும் மற்றவர்கள் 'ஏன்' என்று கேட்பார்கள். அவள் 'யாரு' என்றுதான் கேட்பாள். பால் திரிந்தால் யாரு, குழாய் சொட்டினால் யாரு. காலையில் எழும்போது இடது இடுப்பு பிடித்துக்கொண்டால், மெத்தைக்காரன் பழைய பஞ்சைத் திணித்து ஏமாற்றிவிட்டான். அந்த மெத்தையைக் கிழித்துப் பார்த்துவிட்டு வேறு மெத்தை வாங்கினாள். இடுப்பு விடவில்லை. இரண்டாவது மெத்தைக்காரனும் அயோக்கியன் என்று முடிவானது.

இப்போதைய விஷயம் அவள் வண்டியின் முன்டயர். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த கனத்த மோட்டார் சைக்கிள் அது. ஒரு டயர் இவ்வளவு தூரம் தாங்கும் என்று அவளுக்கு மனக்கணக்கு உண்டு. அதற்குள்ளாகவே, நடுக்கோட்டை ஒட்டி இடது பக்கம் மட்டும் தேய்ந்து போயிருந்தது. வலது பக்கப் பள்ளத்தில் நகம் முழுவதும் இறங்கியது. இடது பக்கத்தில் நகம் இறங்க இடமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினால், ஒரே டயரில் இரண்டு வயது தெரிந்தது.

அவளுக்கு அது வெறும் டயர் அல்ல. மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் கம்பெனியில் அவள்தான் முன்வண்டி. மலைப்பாதை, கடலோரம், பாலைபோல் விரிந்த சமவெளி என்று எங்கே போனாலும் அவள் முன்னால் போவாள். ஏழெட்டு வண்டிகள் பின்னால் வரும். அவள் இடது கையைத் தூக்கி விரல்களை இரண்டு முறை மூடித் திறந்தால் எல்லோரும் வேகம் குறைப்பார்கள். விரலை வட்டமாகச் சுழற்றினால் பெட்ரோல். இந்தச் சைகைகளெல்லாம் அவளே வைத்தவை. கடைசி வண்டியாக, யாரும் தொலைந்து போகாமல் பார்த்துக்கொண்டு வருபவர் அவள் தங்கையின் கணவர். கம்பெனியில் முன்வண்டிக்குப் பைலட் என்று பெயர், கடைசி வண்டிக்கு வால். அவள் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவாள். அவர், மனைவியைப் போலவே, அவளை அக்கா என்பார்.

முன்னால் போகிறவளின் முன்டயர் வழுக்கினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழவேண்டியதுதான். அது மட்டுமல்ல. அந்த முன்னிடத்துக்கு அவள் சும்மா வந்துவிடவில்லை.

இளம் வயதில் பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தாள். 'கண்ணாடி, கவனம்' என்று எழுதியிருந்த பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, உள்ளே செங்கல் என்று சொன்னவள் அவள். பிரித்தபோது செங்கல்தான் இருந்தது. அங்கிருந்து ஸ்கூட்டரில் தபால் கொடுக்கும் வேலை, அப்புறம் புது வண்டிகளைத் தொழிற்சாலையிலிருந்து கடைக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கும் வேலை. பெண்ணால் இவ்வளவு தூரம் முடியுமா என்று கேட்ட இந்த டூர் கம்பெனி முதலாளியிடம், "நீங்க பின்னாடி உக்காந்து வாங்க, முடியலைன்னு நீங்கதான் முதல்ல சொல்லுவீங்க," என்றாள். அவர் உட்கார்ந்து போனார். பாதி வழியில் பஸ் ஏறித் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து அவள் பைலட்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்களில் ஒருவர் தான் பொய்யே சொன்னதில்லை என்றார். அதுவே பெரிய பொய் என்று அனுப்பிவிட்டாள். இன்னொருவர் அவள் கேட்காமலே தன் சம்பளத்தைச் சொன்னார். அதுவும் போயிற்று. தங்கையைக் கேட்டு வந்தவரை மட்டும், வீட்டுக்குள் கூப்பிடுவதற்கு முன்னால் வாசலில் நின்ற அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். செயினில் எண்ணெய் இருந்தது. ஹெல்மெட்டின் உள்துணி துவைத்திருந்தது. "சரி, வரச் சொல்லு," என்றாள். அப்படி வந்தவர்தான் மாப்பிள்ளை. ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் இரண்டு அறையும் சமையலறையும் உள்ள வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக இருந்தார்கள். டூர் இல்லாத நாட்களில் கம்பெனி வண்டிகளை மாப்பிள்ளைதான் பழுது பார்ப்பார்.

பெட்டிகள் நிரபராதி என்று தெரிந்ததும் டயரை அவரிடம் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"ரோடு அப்படிக்கா. ஓரத்துல சரிவு ஜாஸ்தி."

"நீங்களும் அதே ரோட்டுலதானே வர்றீங்க? உங்க டயர் ஏன் இப்படி இல்ல?"

"நான் கடைசியில வர்றவன். ரோடே தேஞ்சு போயிருக்கும், அதுக்கப்புறம் என் டயர் எங்க தேயறது?" என்று சிரித்தார். "விடுங்க, நான் பாத்துக்கறேன்."

சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்கு வியர்க்கும். தன் நல்ல டயரைக் கழற்றி வேறு வண்டிக்குப் போட்டுவிட்டு, எங்கேயோ கிடந்ததைத் தன் தலையில் கட்டுகிறாரோ? அவர் கைகழுவப் போனபோது தங்கையின் நகப்பாலிஷை எடுத்து வந்து, டயரின் இடது பக்கச் சுவரில், காற்றடிக்கும் வால்வுக்கு நேராக ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.

டூர் கிளம்பும் காலையில் பார்த்தால் எல்லா வண்டியின் டயருக்கும் கறுப்புப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். பொட்டு எங்கே என்றே தெரியவில்லை. முதலாளி, "வாலு நல்லா வேலை செஞ்சிருக்காரு," என்று தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆட்கள் காத்திருந்தார்கள். கிளம்பிவிட்டாள்.

மூன்றாம் நாள், வானிலை அறிக்கையில் இல்லாத மழை. மலையிறக்கத்தில் ஒரு வளைவில் முன்சக்கரம் சட்டென்று வெளியே ஓடியது. ஒரு கணம்தான். கைப்பிடி கையில் கனமில்லாமல் போயிற்று. அப்புறம் ரப்பர் மறுபடி தரையைப் பிடித்தது. பின்னால் வந்தவர்கள் எதையும் கவனிக்கவில்லை என்று நினைத்தாள். அவள் மட்டும் தங்கும் விடுதி வரை ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனாள்.

விடுதி முற்றத்தில் மற்றவர்கள் சூடாக ஏதாவது குடிக்கப் போனபோது அவள் முன்சக்கரத்தருகே குந்தினாள். மழை கறுப்புப் பாலிஷைக் கழுவியிருந்தது. இடது பக்கம் பொட்டு இல்லை. எழுந்து சுற்றி வந்தாள். வலது பக்கத்தில், வால்வுக்கு நேராக, சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது. டயரின் சுவரில் அது சுழலவேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அது பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுடைய டயரை ரிம்மிலிருந்து கழற்றி யாரோ இடம் வலமாகத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக வெட்டியவை. திருப்பி மாட்டினால் மழையில் தண்ணீரை உள்ளே வாரும். இது தெரியாதவர் அல்ல மாப்பிள்ளை.

செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த ஊரில் ஒரு டயர்க் கடையில் நின்று நேராக மாட்டச் சொன்னாள். மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளித் தன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்த கண்ணாடியையே துடைத்தார். 'என்னக்கா ஆச்சு' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றம் செய்யாதவன் கேட்டிருப்பான் என்று அவள் அங்கேயே எழுதி முடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் ஒன்றோடொன்று பொருந்தியது. அவர் புது ஜாக்கெட் வாங்கியிருந்தார். முன்வண்டிக்காரர் போடுகிற மாதிரி, தூரத்திலிருந்தே தெரியும் மஞ்சள் பட்டை வைத்தது. சாப்பாட்டு மேசையில் போனில் பாதைப் படங்களைப் பார்ப்பார். அவள் வந்தால் மூடிவிடுவார். ஒருநாள் முதலாளியிடம் மெதுவான குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவள் தலையைக் கண்டதும் இருவரும் பெட்ரோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"உன் வீட்டுக்காரருக்கு முன்னாடி போகணும்னு ஆசை வந்திருச்சா?" என்று தங்கையிடம் கேட்டாள்.

தங்கை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அவருக்கா? கல்யாண வீட்டுல முதல் வரிசையில உக்காரச் சொன்னாலே வேர்த்துப் போயிடும்."

"அப்படி இருக்கிறவங்கதான் அமுக்கமா காரியத்தை முடிப்பாங்க."

"அக்கா, நீ பார்சல் ஆபீஸை விட்டு வந்து எவ்வளவு காலமாச்சு? இன்னும் எல்லாரையும் ஆட்டி ஆட்டிப் பாக்கறியே."

கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் தங்கைகூட வாயைத் திறக்க முடியாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அடுத்த டூருக்கு முன்னால், தன் வண்டிக்கும் அவர் வண்டிக்கும் வெளிக் கடையில் புது முன்டயர் போடவைத்தாள். கடைக்காரர் ஸ்டூல் கொடுத்தும் உட்காராமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். அப்புறம் முதலாளியிடம் போய், தன் வண்டி லேசாக ஆடுகிறது, இந்த ஒரு டூர் மாப்பிள்ளை அதை ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும், நான் அவருடையதில் போகிறேன் என்றாள். இரண்டும் ஒரே ரக வண்டி. முதலாளிக்கு ஆட்சேபம் இல்லை. மாப்பிள்ளையின் முகம்தான் ஒரு மாதிரி ஆயிற்று.

"என் வண்டி எதுக்குக்கா? சீட்டு அமுங்கியிருக்கும், உங்களுக்குச் சரியா வராது."

"வரும், வரும்," என்றாள்.

தன் வண்டியில்தான் ஏதோ வளைத்து வைத்திருக்கிறார் என்றால், இந்த முறை அதை ஓட்டுவது அவராக இருந்தாலும் அதன் டயர்தான் இடது பக்கம் தேயும். அதுதான் அவள் போட்ட கணக்கு. வழி நெடுக, விடுதிகளில், இரண்டு முன்சக்கரங்களுக்கும் தனித்தனிச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவிகளைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினாள். தலையணையும் அயோக்கியத் தலையணைதான். காலையில் இடுப்போடு கழுத்தும் பிடித்துக்கொண்டது.

அது நீண்ட டூர். இரண்டு எல்லைகளைத் தாண்டி, தார் ரோடு, கல் ரோடு, செம்மண் என்று போய்த் திரும்பினார்கள். கடைசி நாள் பிற்பகல் கம்பெனி முற்றத்துக்கு வந்து சேர்ந்ததும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் முதலில் தன் சொந்த வண்டியின் டயரைத் தடவினாள். வலது, இடது, இரண்டும் ஒன்றுபோல். ஒழுங்காக, சமமாகத் தேய்ந்திருந்தது. பிறகு தான் ஓட்டி வந்த அவருடைய வண்டியின் டயரைத் தடவினாள்.

இடது பக்கம் வழவழ என்றிருந்தது.

மறுபடியும் தடவிப் பார்த்தாள். எந்த வண்டியில் போனாலும் அவள் ஏறிய வண்டியின் டயர்தான் தேய்கிறது. வேறொருவராக இருந்தால் இங்கே வேறு மாதிரி யோசித்திருப்பார். அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது: அவர் வேலையைக் கையாலேயே செய்கிறார். உப்புத்தாள்! சங்கிலி போட்டால் சக்கரம்தான் உருளாது, டயரைத் தேய்ப்பதற்கு என்ன தடை? தினமும் விடிவதற்குள் எழுந்து முற்றத்தில் நடமாடுகிறவர் அவர் ஒருவர்தான். வண்டிகளைத் துடைக்கிறேன் என்பார். துடைத்தாரோ தேய்த்தாரோ, யார் கண்டது?

நேரே முதலாளியின் அறைக்குப் போனாள். படத்தைக் காட்டினாள். பின்பக்கம் பார்க்கும் அம்புக்குறியைப் பெரிதாக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இது நம்ம வண்டியா? இதுலயா மழையில போனே?"

"போனேன். வழுக்குச்சு. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்."

"யார் மாட்டினது?"

அவள் சொன்னாள். உப்புத்தாளையும் சேர்த்துச் சொன்னாள்.

"உப்புத்தாளு எனக்குப் புரியலம்மா. ஆனா இது போதும். பத்துப் பேர் உயிரு." போனைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னிக்கு விருந்து முடியட்டும், வந்தவங்க முன்னாடி வேணாம். காலையில அவரை வீட்டுக்கு அனுப்பிடறேன். உன் தங்கச்சி புருஷன்னு பாக்கமாட்டேன், பரவால்லையா?"

"நான் என்னிக்கு அப்படிப் பாத்தேன்?" என்றாள். போனைப் பத்திரமாக உள்பையில் போட்டுக்கொண்டாள்.

விருந்து மாலையில், கம்பெனிக் கூடத்தில். நீள மேசை, காகிதத் தட்டுகள், இருபது நாள் ஒன்றாக வந்தவர்களின் இரைச்சல். தங்கையும் வந்திருந்தாள். மாப்பிள்ளை மூலையில் ஒரு ஸ்டூலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் தனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரியாமல் இரண்டாவது முறை இனிப்பு வாங்கிக்கொண்டார். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வந்தவர்களில் ஒரு பல் டாக்டர். ஹெல்மெட்டில் காமிரா பொருத்திக்கொண்டு வழியெல்லாம் படம் பிடித்தவர். "எல்லாரும் உக்காருங்க, உங்க வண்டவாளம் எல்லாம் என்கிட்ட இருக்கு," என்று வெள்ளைச் சுவரில் படத்தை ஓடவிட்டார். கைத்தட்டல், கேலி. ஆற்றைத் தாண்டும்போது விழுந்தவர், ஆட்டு மந்தைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர். பிறகு ஒரு நீண்ட நேர்ரோடு வந்தது. காமிராவுக்கு முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் போட்ட முதுகு. அந்த ஆள் சீட்டின் வலது ஓரத்தில் ஒண்டியிருந்தார். இடது பாதி காலியாக இருந்தது. அவர் வலதுபக்கம் நகர நகர, வண்டி அதைச் சரிக்கட்ட இடதுபக்கம் சாய்ந்தபடியே நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஆணியில் கோணலாக மாட்டிய படம் நகர்ந்து போவது போல இருந்தது.

பைலட் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "யாருய்யா இது? பக்கத்துல பொண்டாட்டியையும் உக்கார வச்சுக்கிட்டுப் போறாரா? இப்படி ஓட்டினா டயர் என்னத்துக்கு ஆகும்? இவருக்கெல்லாம் யார் லைசென்ஸ் குடுத்தது?"

யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் படத்தை நிறுத்தப் பொத்தானைத் தேடினார். தங்கை மேசைக்குக் கீழே அவள் கையைப் பிடித்தாள். சுவரில் அந்த முதுகு இடது கையைத் தூக்கி, விரல்களை இரண்டு முறை மூடித் திறந்தது.

கூடத்தில் இருந்த அத்தனை முகங்களும் வேறெங்கோ பார்த்தன. தண்ணீர்க் குவளையைப் பார்த்தன, செருப்பைப் பார்த்தன. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. இருபது நாளும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். முன்னால் போகிறவளுக்கு மட்டும் தன் முதுகு தெரியாது.

எழுந்து வெளியே வந்தாள். முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும் சத்தம். மாப்பிள்ளை.

"எப்ப இருந்து தெரியும்?"

"போன வருஷத்துல இருந்து. முதல்ல கொஞ்சமாத்தான் சாஞ்சீங்க. இடது பக்கம் வலிக்குதுன்னு நினைக்கிறேன். நடக்கும்போதும் தெரியுது."

"மெத்தை சரியில்ல."

"ரெண்டு மெத்தையுமா?"

வழக்கமாக என்றால், மூன்றாவது மெத்தை வாங்கக் கிளம்பியிருப்பாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா யாரச் சந்தேகப்பட்டிருப்பீங்க?"

பதில் இருவருக்கும் தெரிந்ததுதான்.

"அதுக்காக டயரைத் திருப்பி மாட்டுவீங்களா? என்னைச் சாகடிக்கப் பாத்தீங்களா, மாப்பிள்ளை?"

அவர் கால் மாற்றி நின்றார். "திருப்பிப் போட்டா இன்னொரு பக்கமும் தேஞ்சு சமமாயிடும், முதலாளி கண்ணுக்குத் தெரியாதுன்னு பாத்தேன். காய்ஞ்ச ரோட்டுல ஒண்ணும் ஆகாது. மழையிருந்தா மாட்டியிருக்க மாட்டேன். வானிலை அறிக்கையில மழையே இல்ல."

"வானிலை அறிக்கைய நம்பினீங்களா?" இதுவரை சொன்ன எதையும்விட இதுதான் அவளுக்கு அநியாயமாகப் பட்டது. "அதைப் போய் யாராவது நம்புவாங்களா?"

"அந்த வளைவுல உங்க சக்கரம் ஓடுனதைப் பாத்தேன்க்கா," என்றார். குரல் இறங்கிவிட்டது. "கடைசியில இருந்தாலும் பாத்தேன். அன்னிக்குச் சாப்பாடு எறங்கல. நீங்க டயர்க் கடையில நின்னப்ப, என்னை நாலு அறை அறைஞ்சிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்."

"நான் முன்னாடி போகலைன்னா நீங்கதான் போகணும். அந்த இடத்துக்கு ஆசைப்பட்டுத்தானே ஜாக்கெட் வாங்கினீங்க? போன்ல ரூட்டுப் பாத்தீங்க?"

"ஆசையா?" அவர் சுற்றிலும் பார்த்தார், யாராவது கேட்டுவிடுவார்களோ என்று. "முன்னாடி போனா ஆளுங்ககிட்ட பேசணும், எல்லைக் காவல்காரங்ககிட்ட பேசணும், எந்தப் பக்கம்னு எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க. எனக்கு நினைச்சாலே காய்ச்சல் வருது. ஒருநாள் நீங்க விழுந்துட்டா என் தலையில வந்து விடியுமேன்னுதான் ஜாக்கெட்டும் வாங்கி, பாதையையும் படிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க முன்னாடியே இருக்கணும்னுதான் டயரைத் திருப்புனேன். உங்களுக்காகன்னு சொன்னா பாதிதான் நிஜம்."

இவ்வளவு காலத்தில் யாரும் அவளிடம் பாதிதான் நிஜம் என்று ஒப்புக்கொண்டதில்லை. அதனாலேயே முழுவதும் நிஜமாக இருக்கலாம் என்று பட்டது. பட்டதும் பயமாக இருந்தது.

முதலாளியின் அறையில் விளக்கு எரிந்தது. காலையில் இவரை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். சும்மா இருந்துவிட்டால் அப்படியே நடக்கும். டயரைத் திருப்பினது பொய்யல்ல, படம் இருக்கிறது. பல் டாக்டர் ஊருக்குப் போய்விடுவார். புதிதாக வருகிற வால் வாயைத் திறக்கப் பயப்படுவான். கொஞ்சம் வலியைப் பொறுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து பழகினால் இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் முன்னால் போகலாம். உப்புத்தாளைப் பற்றிக்கூட யாரும் கேட்கப்போவதில்லை.

இவ்வளவையும் யோசித்து முடித்தபோது, யாரு என்ற கேள்விக்கு அவள் பார்சல் ஆபீஸ் காலத்திலிருந்து தேடிய ஆளே அவள் முகத்தோடு எதிரில் வந்து நின்றது போல் இருந்தது.

"வாங்க," என்றாள்.

"எங்க?"

"வாங்கன்னா வாங்க. நான் சாயங்காலம் ஒரு வேலை செஞ்சிட்டேன், காலையில உங்களை வீட்டுக்கு அனுப்பப் போறாரு முதலாளி, அதைக் கழுவணும்."

முதலாளி விருந்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தார். இருவரும் ஒன்றாக நுழைந்ததைப் பார்த்ததும் காலை இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வாசலோடு நின்றுவிட்டார். அக்கா மேசைவரை நடந்தாள். முதல் தடவையாகத் தன் நடையைத் தானே கவனித்தாள். இடது கால் அரை நொடி தாமதமாக வந்தது. யாரையும் குறை சொல்ல இடமில்லாத, தெளிவான நொண்டல்.

"டயரைத் திருப்பினது அவருதான். அது தப்பு, அதுக்கு நீங்க என்ன வேணாலும் திட்டிக்கோங்க," என்றாள். "ஆனா தேய்ச்சது நான். உப்புத்தாளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு இடுப்பு போயிடுச்சு. நேரா உக்கார முடியல. சுவத்துல பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்," என்றார் முதலாளி. "போன டூர்லயே வந்தவர் ஒருத்தர் சொன்னாரு, இவரைக் கூப்பிட்டுக் கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னாரு. சொன்னவரை நான்தான் நம்பல," என்றார்.

முதலாளியுமா என்று அவளுக்குள் பழைய குரல் எழும்பியது. அதை அடக்கிக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டணும். ரெண்டு பேர்கிட்ட காட்டுவேன். ஒருத்தர் சொன்னா போதாது."

"அப்ப அடுத்த டூருக்கு முன்னாடி யாரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை ஏற்கெனவே நிலைப்படியைத் தாண்டி ஒரு கால் வெளியே வைத்திருந்தார்.

"நான் மாட்டேன்," என்றார் அங்கிருந்தே. "சார், என்னைக் காலையில வீட்டுக்கு அனுப்பறதா இருந்தா அனுப்பிடுங்க. சந்தோஷமாப் போறேன்."

"எங்கயும் போகமாட்டீங்க," என்றாள் அக்கா. "திருப்பி மாட்டினதுக்கு அதுதான் தண்டனை. நீங்க முன்னாடி போறீங்க. நான் சாமான் வேனை ஓட்டிக்கிட்டு கடைசியில வர்றேன். வேன்ல சாஞ்சு உக்காந்தா எந்த டயரும் தேயாது. மொத நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும், ஒவ்வொரு வளைவுலயும், உங்க முதுகுமேல இருந்து கண்ணை எடுக்கமாட்டேன்."

"அதுதான்க்கா பயமா இருக்கு," என்றார் மாப்பிள்ளை.